யார் வனைந்த ஜாடி?

காங்ஜின் ஊர் மட்பாண்டச் சூளையில் அநாதைப் பயல் பாவுவுக்கு மண் மிதிக்கும் வேலை மட்டும்தான். ஆசான் குவாக் அசந்த நேரத்தில், திருட்டுத்தனமாக ஒரு ஜாடி வனைந்து சூளைக்குள் சொருகிவிட்டான்.

சூளை திறந்த அன்று வந்திருந்த அரசு அதிகாரி, அந்த ஜாடியைத்தான் கையிலெடுத்தார். "அடேயப்பா! யாரு வனைஞ்சது?"

இனியாவது சக்கரத்தில் உட்கார விடுவார்கள் என்ற ஆசையில் பாவு வாய் திறப்பதற்குள், குவாக் முந்திக்கொண்டார். "நான்தானுங்க! வேற எவனுக்கு இது வரும்?"

பாவுவுக்கு அழுகை முட்டியது.

"நல்லது," என்றார் அதிகாரி. "மன்னரோட சூளைக்குக் கைதேர்ந்த குயவர்களைப் பிடிச்சுட்டுப் போறோம். கூலி கிடையாது. சாகிறவரைக்கும் அங்கேதான். கிளம்புய்யா."

"ஐயையோ! வனைஞ்சது இந்தப் பயதானுங்க!"

அதிகாரி திரும்பினார். "ஏண்டா, நீயா?"

பாவு பணிவாகத் தலைகுனிந்தான். "ஆசான் எனக்கு எங்கேங்க சொல்லிக்கொடுத்தாரு?"