கிராணி போட்ட மூன்று வேட்டு

"மீனம்மா, அடுப்பை அணைச்சாச்சா?"

"அணைச்சாச்சுங்க."

"சாம்பல்லே கங்கு இருக்கும். தண்ணி ஊத்து."

புருசன் சொன்னபடி ஊற்றினாள். மாரியம்மன் திருவிழாவுக்கு முதல் நாள் அந்த ரப்பர் தோட்டத்தில் எல்லார் வீட்டிலும் பலகாரம் வேகும். ஆப்பீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி தனபாலன் வீட்டில் மட்டும் பழைய சோறு. அவர் ரிவால்வர் தோட்டாவுக்கு மருந்து அடைக்கும் நாள் அது.

சம்பளப் பணத்தை மலாக்கா பட்டணத்திலிருந்து கொண்டுவரத் துரை கொடுத்த ரிவால்வர். திருடன் எவனும் அதைப் பார்த்ததில்லை. அம்மன் ரதம் கிளம்பும்போது வானத்தை நோக்கி மூன்று வேட்டுப் போடுவதோடு அதன் வேலை முடிந்தது.

அதற்கும் சட்டதிட்டம் உண்டு. ஈயக்குண்டு கூடாது, மேலே போனது யார் தலையிலாவது இறங்கும். சுட்ட தோட்டாவின் அடியில் பொறி தரும் புதுக் கேப்பு, உள்ளே மருந்து, மேலே அட்டை, அவ்வளவுதான். அறையில் பீடி கூடாது, விளக்கு கூடாது, பேச்சும் கூடாது. பேச்சுக் கவனத்தில் ஒரே தோட்டாவில் இரண்டு தரம் மருந்து விழுந்தால் துப்பாக்கியோடு கையும் போகும். இந்த உபதேசத்தைத் துரைக்கே செய்தவர் தனபாலன்.

இந்த வருசம் கதவையும் சாத்திக்கொண்டார்.

மறுநாள் ரதம் தயாராக நின்றது. வடத்தின் முன்பிடியில் இருளாண்டி. பெரிய சண்டையில் வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு பாஸ்ராவுக்கு மூட்டை தூக்கப் போய் வந்தவன். இப்போது பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டுகிறான். போன வருசம் ரதம் கிளம்பும் நேரத்தில் ஆளைக் காணோம். கள்ளுக்கடைதான் என்று கூலிக் குடியிருப்பு லயமே முடிவு கட்டியது. அவன் பெண்டாட்டி கருப்பாயி உட்பட.

"இந்தத் தடவையும் ஓடினே, அப்புறம் வடத்தைத் தொடவே விடமாட்டேன்" என்றார் கங்காணி நல்லமுத்து.

இருளாண்டி வடத்தை இறுகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான். பக்தி என்று நினைத்தாள் மீனம்மா.

தனபாலன் கையை உயர்த்தினார்.

டிக்.

டிக்.

டிக்.

கூட்டம் துப்பாக்கியை அண்ணாந்து பார்த்தது. இருளாண்டி ஒரு கண்ணைத் திறந்தான். மறு கண்ணையும் திறந்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"கிராணி ஐயா! துப்பாக்கியும் விரதமா?"

"மருந்துக்குப் பதிலா அடுப்புச் சாம்பலை அடைச்சிட்டாரு போலிருக்கு!" என்றார் கங்காணி.

ரதம் அந்த வருசம் சிரிப்புச் சத்தத்திலேயே கிளம்பியது. முன்பிடியை இருளாண்டி கடைசிவரை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மீனம்மா வெடித்தாள்.

"ஊரு சிரிச்சாக்கூடப் பரவாயில்லே. அந்தக் குடிகாரன் இருளாண்டி சிரிச்சானே!"

"நல்லாச் சிரிச்சான், இல்லே?" என்றார் தனபாலன் திருப்தியாக.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னதான் தப்பு நடந்தது என்று பார்க்க மருந்து டப்பாவை எடுத்தாள். மூடியின் அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. கேப்புப் பெட்டியும் பிரிக்கவே இல்லை.

"என்னங்க இது? மருந்தே போடலியா? அப்ப எதுக்கு என் அடுப்பிலே தண்ணி ஊத்தச் சொன்னீங்க?"

"சட்டம்னா சட்டம்" என்றவர், ஜன்னலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "போன வருசம் வேட்டுப் போட்டுட்டு ஆப்பீசுக்குப் போனேன். என் மேசைக்கடியிலே இருளாண்டி. காதைப் பொத்திக்கிட்டு நடுங்குறான். கள்ளு வாசமே இல்லே. பாஸ்ராவிலே கேட்ட சத்தம் இன்னும் அவனை விடலே."

மீனம்மாவின் குரலும் தாழ்ந்தது. "வேட்டுப் போடமாட்டேன்னு சொல்லியிருக்கலாமே? உங்களுக்கு எதுக்கு இந்த அவமானம்?"

"போடமாட்டேன்னா, ஏன்னு கேட்பாங்க. வெடிக்கலேன்னா, சிரிப்பாங்க. அவ்வளவுதானே?"

வாசலில் இருளாண்டியின் குரல் கேட்டது.

"கிராணியம்மா! அடுத்த வருசமாவது ஐயாவைப் பார்த்து அடைக்கச் சொல்லுங்க!"

மீனம்மா ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"எங்கே இருளாண்டி, இவருக்குத்தான் கைவேலையே வராதே!" என்றாள்.