வெட்டாத கிளை

வீட்டுச் செடியின் கிளையை வெட்டி இன்னொரு செடி வளர்ப்பது அப்போது குற்றம். காலக்கெடு முடிந்தால் விற்ற நிறுவனமே செடியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஜெசிந்தாவின் குண்டுமல்லிக்கும் கெடு நெருங்கியது. பக்கவாதத்தில் பேச்சிழந்த அவள் கணவர் சேவியர், அந்த மணம் வந்தால் மட்டும் "மல்லி" என்று வாய் திறப்பார். அதை இழக்க அவள் தயாராக இல்லை.

கிளையை வெட்டாமலேயே வளைத்து, பால்கனிச் சுவருக்கு அப்பால், பக்கத்து வீட்டு சபீனாவின் தொட்டி மண்ணில் புதைத்துப் பதியன் போட்டாள். அழுகியது. வேறு கிளையை வளைத்தாள். அதுவும் அழுகியது. மறுபடியும் போட்டாள், வேர் பிடித்தது.

செடியை எடுக்க வந்த ஊழியர் முறைத்தார். "என்னம்மா, ரெண்டாவது செடியா?"

"ஒரே செடிதான் சார். நான் எங்கயும் வெட்டலையே."

"அப்போ அந்தத் தொட்டியையும் எடுக்கணும்."

"தொட்டி என்னுது. தர மாட்டேன்," என்றாள் சபீனா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

அவர் எரிச்சலோடு கத்தரியை எடுத்துக் கிளையை நறுக்கிவிட்டு, தாய்ச்செடியைத் தூக்கிக்கொண்டு போனார்.

"அக்கா, வெட்டினது அவருதானே?" என்று சபீனா சிரித்தாள்.

ஜெசிந்தா அதற்குள் சேவியரின் கட்டிலை அந்தச் சுவரோரம் தள்ளத் தொடங்கியிருந்தாள்.