ஹயாசே சொன்ன பதில்

வாஞ்சிநாதனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோச்சின் அறை வாசலில் நாலு தடவை நடந்தான், நாற்காலியில் வந்து உட்கார்ந்தான், உடனே எழுந்தான்.

பக்கத்தில் ஹயாசே சாவதானமாக முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். ஜப்பானின் ஷிசுவோகாவில் எட்டு வருஷம், பிரேசிலில் இரண்டு, இந்த சீஸன் கலிஃபோர்னியா என்று பந்தை உதைத்தே தேய்ந்த கால் அது. இங்கிலீஷில் ‘தேங்க் யூ’வைத் தாண்டி அவன் வாய் திறந்து கிளப்பில் யாரும் கேட்டதில்லை. வாஞ்சிக்கு அங்கே சம்பளம் கிடைப்பதே அதனால்தான்.

டாட்-காம் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்து, பிப்ரவரியில் வாஞ்சியின் சாஃப்ட்வேர் வேலையும் போனது. யோகோஹாமாவில் நாலு வருஷம் ப்ராஜெக்டில் இருந்தபோது கற்றுக்கொண்ட ஜப்பானிய மொழிதான் கைகொடுத்தது.

“கோச் கேட்டா, நான் ஊருக்குப் போறேன்னு சொல்லிடுங்க வாஞ்சி-சான்,” என்றான் ஹயாசே, ஜப்பானிய மொழியில். “இந்த மாசத்தோட ஒப்பந்தம் முடியுது, ஆடினது போதும். ஒரு ஸ்கூல்ல பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லித்தர வேலை இருக்கு. எப்ப வந்தாலும் சரின்னுட்டாங்க.”

ஆட்டக்காரனே கிளம்பிவிட்டால் அவன் பேச்சை மொழிபெயர்க்கிறவனுக்கு இங்கே என்ன வேலை?

செல்ஃபோன் அடித்தது. சன்னிவேல் ஊரில் இருக்கும் வீட்டிலிருந்து மனைவி ஷ்யாமளா.

“இன்னும் மீட்டிங்கே ஸ்டார்ட் ஆகலம்மா. ஹயாசே ரிசைன் பண்றாராம். அவர் போனா என் ஜாப்பும் க்ளோஸ், இன்ஷ்யூரன்ஸும் கேன்சல். பேபி டியூ ஆகஸ்ட்ல! இந்த லே-ஆஃப் டைம்ல எவன் ஹயர் பண்ணுவான்? சரி சரி, அழாத. நான் ஏதாவது பண்றேன்.”

ஹயாசே ஐஸ் பையைப் பாதியில் விட்டுவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். முட்டி வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் வாஞ்சி.

கோச் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். மேஜையில் ஒப்பந்தக் காகிதம் தயாராக இருந்தது.

“எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது. இன்னும் ஒரு வருஷம் ஆடறானா, கிளம்பறானா? கேளு இவனை.”

வாஞ்சி கேட்டான். ஹயாசே ஒரு நிமிஷம் அவன் முகத்தையே பார்த்தான்.

“நீங்களே சொல்லிடுங்க.”

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். பாழாய்ப்போன நாக்கு எழும்பினால்தானே! ஏழு மாத வயிற்றோடு ஷ்யாமளா அழுவது காதிலேயே நின்றது.

“ஆடறாராம் கோச். இன்னும் ஒரு வருஷம் இருக்கேங்கறார்.”

“வெரி குட்!” கோச் காகிதத்தை ஹயாசேயிடம் தள்ளி, அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, யாரோ கூப்பிடவே வெளியே போனார்.

ஹயாசே பேனாவை எடுத்தான். சீ, நானும் ஒரு மனுஷனா என்று வாஞ்சிக்கு உடம்பெல்லாம் கூசியது.

“போடாதீங்க!” ஜப்பானிய மொழியில் கொட்டித் தீர்த்தான். “அது உங்களை அனுப்பற பேப்பர் இல்ல, இன்னும் ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம். நீங்க இருக்கீங்கன்னு நான்தான் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க, இப்பவே கோச்சைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிடறேன்.”

ஹயாசே நிதானமாகக் கையெழுத்தைப் போட்டு முடித்தான். பேனாவை மூடினான். பிறகு சிரித்துக்கொண்டே, பிசிறில்லாத இங்கிலீஷில் சொன்னான்:

“நீங்க பேசற தமிழ்ல பாதி இங்கிலீஷ்தானே, வாஞ்சி-சான்!”