பெட்டிக்குள் அடங்கிய சொல்

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் மாமியார். யார் என்ன செய்து கொடுத்தாலும் குறை கண்டுபிடிப்பாள். அதற்குத்தான் சம்பளமே.

எதிர் இருக்கையில் நிரல் எழுதுகிறவன் அவளைவிட ஒரு வயது மூத்தவன். ஆனாலும் ‘அத்தை’ என்றுதான் கூப்பிடுவான். மகள் இல்லாமலே வாய்த்த மருமகன் என்று எல்லோரும் கேலி செய்வார்கள்.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். திரைச்சீலை வழியே வந்த வெயில் மேசைமேல் தண்ணீர் போல அசைந்தது. பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள்.

பிறந்த குழந்தைகளின் எடையைக் குறித்துவைக்கும் செயலி. மாலையில் வெளியீடு. ஒவ்வொரு பொத்தானையும் தனித்தனியாக அழுத்திப் பார்த்தாயிற்று. எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தாயிற்று. ஆயிரம் அம்மாக்கள் ஒரேயடியாக வந்தால் மூச்சுத் திணறுமா என்றும் பார்த்தாயிற்று.

மிச்சம் இருந்தது எல்லைச் சோதனை. வேண்டுமென்றே ஆகாத எண்ணைக் கொடுத்து, செயலி திருதிருவென்று முழிக்கிறதா என்று பார்ப்பது.

வழக்கமாகப் பெயர்க் கட்டத்தில் ‘அஅஅ’ என்று தட்டிவிட்டுப் போவாள். இன்று கை தானாக ஒரு பெயரை எழுதியது. எடை, அறுநூறு கிராம்.

செயலி அதை ஏற்கவில்லை. சின்னச் சிவப்புப் பெட்டி ஒன்று எழுந்தது. அதில் அந்தப் பெயர். பெயருக்குக் கீழே ஒரே சொல்.

பிழைத்தது.

‘பிழை நேர்ந்தது’ என்று எழுதினால் பெட்டிக்குள் அடங்கவில்லை என்று மருமகன் சுருக்கியிருந்தான்.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு திரையை விரலால் தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடாக இருந்தது.

“என்ன அத்தை, மாட்டிக்கிட்டேனா?”

“வார்த்தை தப்பு மாப்ளே, இப்படி வெளிய விட முடியாது. ஆனா இப்பவே மாத்திடாதீங்க. கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”

கீழ்மாடியில் வேலை பார்க்கும் கணவனைப் போனில் அழைத்து, மேலே வரச் சொன்னாள். 

அவன் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். அந்தப் பெயர் தெரிந்தவர்கள் உலகத்திலேயே அவர்கள் இரண்டு பேர்தான்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அன்று ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்கு வெளியே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வந்து சொல்லவில்லை.

அவன் குனிந்து, மகள் பெயரோடு சேர்த்து, அதை மெல்ல வாய்விட்டு வாசித்தான்.