காலிக் கட்டம்

"அந்தக் கட்டத்துல ஒரு டிக் போட்டா உன் விரல் தேஞ்சு போயிடுமா?"

மெரிடித் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். டோரீன் அதை மறுபடி தன் பக்கமே இழுத்துக்கொண்டாள். நடுவில் இருந்த வெண்ணெய்க் கிண்ணம் மேசை விளிம்பைத் தாண்டி, எதிரே உட்கார்ந்திருந்த வால்ட்டரின் கையில் விழுந்தது. அவர் அதை ஏந்திய வேகத்தைப் பார்த்தால், இந்த வாரம் இது முதல் முறை அல்ல என்று தெரிந்தது.

ஆல்டன்ஹர்ஸ்ட் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பதினேழாவது கேள்வி அது. 'உங்கள் குடும்பத்தில் யாராவது இங்கே படித்திருக்கிறார்களா?' மெரிடித் அங்கே படித்தவள். அதன் பெயர் பொறித்த அரக்கு நிற ஸ்வெட்டரை இன்னமும் போட்டுக்கொள்கிறவள். நூறு பேர் விண்ணப்பித்தால் ஐந்து பேருக்குத்தான் இடம். அந்தக் கட்டத்தில் டிக் போட்டவர்களுக்குக் கதவு கொஞ்சம் அகலமாகத் திறக்கும் என்பது பாஸ்டன் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"உன் பேரைச் சொல்லி நான் உள்ளே போனா, அது நீ ரெண்டாவது தடவை பாஸான மாதிரி," என்றாள் டோரீன். "அதுல எனக்கு என்ன பெருமை?"

"எல்லாரும் போடறாங்க."

"போடட்டும்."

"கட்டுரையில 'மிகவும்'னு பதினோரு இடத்துல எழுதியிருக்கே. அதைச் சரிக்கட்டவாவது ஒரு டிக் வேணும்."

டோரீன் நிமிர்ந்தாள். "என் கட்டுரையைத் திறந்து படிச்சியா?"

"நாயோட பேரைக் கடவுச்சொல்லா வெச்சா, அந்த நாயே திறந்து படிக்கும்."

வால்ட்டர் சிரித்தார். டோரீன் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

கட்டுரை நன்றாக இருந்தது என்பதை மட்டும் மெரிடித் சொல்லவில்லை. பள்ளிச் சமையலறையைப் பற்றியது. நானூறு தட்டுகள், தினமும் ஒரே மக்ரோனி, அதற்காக வரிசையில் நகரும் முகங்கள். முடித்ததும் முதல் வரிக்குப் போய் மறுபடி படித்தாள். சொன்னால் இவளுக்குத் தலைகால் புரியாது. பிறகு டிக் போட வைக்கவே முடியாது.

இந்த ஒரு டிக்குக்காக ஏன் இப்படி மல்லுக்கட்டுகிறோம் என்று அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். பதில் தெரிந்ததுதான். அங்கே சேர்ந்த முதல் நாள், அறைத்தோழி பெட்டியைப் பிரித்துக்கொண்டே, உங்கள் வீட்டில் யார் இங்கே படித்தது என்று சாதாரணமாகக் கேட்டாள். நூலகத்தின் பெயரும் அந்தப் பெண்ணின் குடும்பப் பெயரும் ஒன்று. யாருமில்லை என்று சொல்லும்போது மெரிடித் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலணிகளின் நிறம்கூட அவளுக்கு மறக்கவில்லை.

"நான் எழுதினப்ப அந்தக் கட்டம் காலியா இருந்துச்சு," என்றாள். "நம்ம வீட்டுல முதல் தடவையா அதுல போட ஒரு பேர் இருக்கு. அதைப் போய் வேணாங்கறே."

டோரீன் மடிக்கணினியை மூடினாள். எழுந்து போய், ஏற்கெனவே கழுவிவைத்த கோப்பையை மறுபடி கழுவினாள்.

"விடேன். அவ இஷ்டத்துக்கு விடு," என்றார் வால்ட்டர், யாரிடம் சொல்கிறார் என்று புரியாத குரலில்.

அன்று மாலை டோரீன் கதவைச் சாத்திக்கொண்டு விண்ணப்பத்தை அனுப்பினாள். அந்தக் கட்டத்தில் என்ன செய்தாள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் கடைசி வியாழன், ஐந்து மணிக்கு முடிவு. மெரிடித் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நான்கு மணிக்கே ஒரு கேக்கோடு வந்துவிட்டாள். கேக்கின் மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"கடைக்காரர் 'வாழ்த்துகள்'னு எழுதட்டுமா, 'பரவாயில்லை'னு எழுதட்டுமான்னு கேட்டார். ஒண்ணும் வேணாம்னுட்டேன்."

டோரீன் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து கண்களை இறுக மூடிக்கொண்டாள். "என்னால முடியாது. நீயே பாரு. கடவுச்சொல்லை மாத்திட்டேன்."

"என்னன்னு?"

"முன்னாடி இருந்த நாயோட பேரு."

மெரிடித் தட்டினாள். திரை ஒரு கணம் வெள்ளையாக நின்றது. பிறகு 'வாழ்த்துகள்' என்ற எழுத்தின் மேல் வண்ணக் காகிதத் துணுக்குகள் கொட்டத் தொடங்கின.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்று வரிசையாகச் சொல்வது கடினம். மெரிடித் கூச்சல் போட்டாள். நாய் குரைத்தது. வால்ட்டர் இரவுச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த மக்ரோனித் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒற்றைக்காலில் சுற்றினார். டோரீன் இயந்திரத்திலிருந்து குதித்து இறங்கி, நாயின் முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டு நடனமாடினாள். கத்தியைத் தேடப் பொறுமையில்லாமல் கேக்கைக் கையாலேயே பிய்த்தார்கள்.

"சொன்னேனா இல்லையா?" மெரிடித்துக்கு மூச்சு வாங்கியது. "எல்லாம் அந்த டிக் செஞ்ச வேலை."

"நான் போடலை."

மெரிடித்தின் கை பாதியில் நின்றது. அவளுக்கு ஒரு சின்ன வலி. அதைத் தள்ளிக்கொண்டு, அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷம். பின்வாசல் வழியாக இல்லை, யார் தயவிலும் இல்லை, அந்த மக்ரோனிக் கட்டுரையை வைத்தே நுழைந்துவிட்டாள்.

"கடைசிவரைக்கும் உன் பிடிவாதம்," என்றாள்.

"பிடிவாதம் இல்லை. அன்னிக்கு நீ அப்படிச் சொன்னதும் மனசு கேக்கலை. போட்டுடலாம்னுதான் உட்கார்ந்தேன். டிக்கும் போட்டேன். உடனே 'என்ன உறவு'ன்னு ஒரு பட்டியல் இறங்குச்சு. அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா. அவ்வளவுதான். மேலயும் கீழயும் தேடிட்டு, டிக்கை எடுத்துட்டேன்."

விரலில் ஒட்டியிருந்த கிரீமை நக்கிக்கொண்டே சிரித்தாள் ஐம்பத்து நான்கு வயது டோரீன். "பொண்ணு படிச்ச காலேஜுக்கு, அவ பின்னாலயே அவளைப் பெத்தவளும் பையைத் தூக்கிட்டு வருவான்னு அவங்களுக்கு எப்படிடி தெரியும்?"