எனக்கென்ன குறைச்சல்?

“எழுந்திரிக்கக் கூடாது. சிரிக்கக் கூடாது. எதைக் கேட்டாலும் முடியலைன்னு மட்டும் சொல்லு. அது பொய்கூட இல்ல, புரியுதா?”

அம்மா கட்டிலில் படுத்தபடியே தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலை ராங்கி நம்பவில்லை. ராங்கி என்பது அம்மா மகளுக்கு வைத்த பட்டப்பெயர். வீட்டில் யாரும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவின் வலது பக்கம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, கழிப்பறைக்குக் கூட்டிப் போவது எல்லாமே ராங்கிதான். பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டதும் இதற்காகத்தான். பராமரிப்பு ஆபீசிலிருந்து காலையில் ஓர் உதவியாளர் வருவார். வந்த வேகத்தில் போய்விடுவார். முழு நாளுக்கு ஆள் வேண்டுமென்று கேட்டபோதெல்லாம் ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள்.

இன்றைக்குத்தான் ஆபீசர் நேரில் பார்க்க வருகிறார். சரியென்று சொன்னால் திங்கட்கிழமை முதல் ராங்கி மருந்துக்கடை வேலைக்குப் போகலாம். இல்லையென்றால் கடைக்காரர் வேறு ஆளை வைத்துக்கொள்வார். முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

விடிந்ததும் ராங்கி வீட்டைப் பெருக்காமல் விட்டாள். துவைக்காத துணியை வேண்டுமென்றே நாற்காலியில் குவித்து வைத்தாள்.

“வந்தவங்க எங்க உக்காருவாங்க?” என்றாள் அம்மா.

“நிக்கட்டும்.”

“விளங்கும்.”

போன் அடித்தது. ஆபீசருக்கு வீடு தெரியவில்லை, தெருமுனையில் நிற்கிறாராம். ராங்கி செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். ஓடும்போதும் அவள் நினைப்பெல்லாம் கட்டில்மேல்தான். எழுந்திரிக்காம இருக்கணுமே.

ஆபீசரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. நாற்காலியும் காலி. துணியெல்லாம் கட்டிலுக்கடியில் போயிருந்தது. அம்மா அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றாள். தலை வாரியிருந்தாள். முகத்தில் பவுடர்கூட இருந்தது, ஒரு கன்னத்தில் மட்டும்.

“வாங்க, வாங்க. உக்காருங்க.”

ராங்கிக்குக் காதெல்லாம் சூடேறியது.

“நடக்கறீங்களாம்மா?” என்று கேட்டார் ஆபீசர்.

“எனக்கென்ன குறைச்சல்? நீங்க துரத்துங்க, ஓடியே காட்டறேன்.”

ஆபீசர் சிரித்தார்.

“குளிக்கறதெல்லாம்?”

“நானேதான்.”

“பொய் மேடம். நான்தான் குளிப்பாட்டறேன்.”

“வாளியைத் தூக்கி வைப்பா. அதுக்கு இந்த அலப்பறை.”

“தனியா இருந்தா பயமா இருக்காதா?”

“இவ இருக்கறதுதான் தொல்லை. நாள் பூரா நைநைன்னுட்டு.”

பேசிக்கொண்டே அம்மா இடது கையால் அடுப்பைப் பற்றவைத்து டீ போட ஆரம்பித்தாள். ராங்கி எழுந்தாள். “நீ உக்காருடி” என்றாள் அம்மா. ஆபீசரும் கையமர்த்தினார். அவருக்குப் பார்க்க வேண்டுமாம்.

வலது கையை மேடைமேல் சாத்தி வைத்திருந்தாள் அம்மா. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒய்யாரமாக நிற்பதுபோலத்தான் தெரியும். மேடையிலிருந்து எடுத்தால் அது சும்மா தொங்கும். அது ராங்கிக்கு மட்டும்தான் தெரியும்.

“அந்தக் கையை எடுக்கச் சொல்லுங்க மேடம்.”

“உங்களுக்கு டீ வேணுமா, கை வேணுமா?” என்று ஆபீசரைக் கேட்டாள் அம்மா.

ஆபீசர் எழுந்து போய் டீயை வாங்கிக்கொண்டார். ரசித்துக் குடித்தார். வாசல்வரை கூட வந்த ராங்கியின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“அம்மா நல்லாவே இருக்காங்க. நீதான் ரொம்பப் பயப்படற.”

“நீங்க போனதும் விழுந்துருவாங்க மேடம். சத்தியமா.”

“என் கண்ணால பாக்கறதைத்தானேம்மா நான் எழுத முடியும்? சுத்தமா முடியாதவங்களே எத்தனையோ பேர் காத்திட்டிருக்காங்க. இப்ப காலைல வர்ற ஆளே போதும்.”

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், அம்மா மேடையிலிருந்து சரிந்துகொண்டிருந்தாள். ராங்கி பாய்ந்து போய் அக்குளில் கை கொடுத்துத் தாங்கினாள். இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அம்மாவின் முதுகெல்லாம் தெப்பலாக நனைந்திருந்தது. கால் வெடவெடத்தது.

அதைப் பார்த்தும் ராங்கிக்கு வாய் நிற்கவில்லை.

“திருப்தியா? எவளோ ஒருத்தி முன்னாடி கெத்து காட்டணும், அதுக்கு என் பொழைப்புல மண்ணைப் போட்டாச்சு. இனிமே அவங்க இந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டாங்க.”

“அவங்க கிடக்கறாங்க. என்னைக்கு ஆள் குடுத்திருக்காங்க, இன்னைக்குக் குடுக்க?”

“அப்ப யாருக்காக இந்த ஆட்டம் ஆடின?”

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அவ்வளவு நேரமும் வாய் கிழியப் பேசியவள், மகளின் முகத்தைப் பயந்து பயந்து பார்த்தாள்.

“உனக்காகத்தான்டி. நான் தனியா இருந்துக்குவேன்னு நீ நம்பினாத்தானே திங்கக்கிழமை வேலைக்குப் போவ? சொல்லு, நம்பினியா இல்லியா?”