ஜன்னல்களைச் சாத்தும் நாள்

கண்ணாடிக் குவளைகள், பூச்சாடி, மேசைமேல் இருந்த பித்தளைக் குதிரை எல்லாவற்றையும் அவள் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். பிறகு ஜன்னல்களைச் சாத்தினாள்.

அந்தப் பெரிய சர்வதேசப் பரிசை அறிவிக்கும் நாளில், எழுத்தாளரின் மனைவி வருஷா வருஷம் செய்கிற வேலை இது.

பரிசுக்கு அவர் பெயர் அடிபட ஆரம்பித்து ஏழெட்டு வருஷமாகிறது. பெயர் அடிபட்ட வருஷமெல்லாம் அவளும் அடிபட்டாள்.

பரிசு வேறு யாருக்கோ போகும். வாசலில் காமிராவோடு காத்துக் கிடந்த நிருபர்கள் மூட்டை கட்டுவார்கள். அவர்களைச் சிரித்த முகமாக வழியனுப்பிவிட்டு வந்து அவர் கதவைத் தாழிடுவார்.

ஒரு வருஷம் முன்பல் போனது. ஒரு வருஷம் கதவிடுக்கில் அவள் விரலை வைத்து அழுத்தினார். போன வருஷம் நிருபர்கள் விடியும் முன்பே வந்துவிட்டதில் எதையும் எடுத்து வைக்கவோ ஜன்னலைச் சாத்தவோ அவளுக்கு நேரமில்லை; பித்தளைக் குதிரையால் விலாவில் ஓங்கி ஒன்று. விழுந்தவளுக்கு மூச்சே வரவில்லை. வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"ஜன்னலைச் சாத்துங்க. பக்கத்து வீட்ல உங்களைத் தப்பா நினைப்பாங்க."

அடித்து முடித்ததும் அறைக்குள் போய் எழுத உட்கார்ந்துவிடுவார். பாவம், மனசு ஆறட்டும் என்று அவளே காபி போட்டுக் கொண்டுபோய் வைப்பாள்.

அவர் புத்தகங்களை அவள் தொட்டதில்லை. அதெல்லாம் உனக்குப் புரியாது என்று சொல்லியிருந்தார்.

பரிசு மட்டும் கிடைத்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும். அதற்காக அவள் வேண்டாத தெய்வமில்லை.

தொலைபேசி அடித்தது. பரிசு அவருக்குத்தான்.

வாசலில் ஒரே கூச்சல். அவர் அவள் தோளில் கைபோட்டு வெளியே அழைத்து வந்தார். தப்பித்தோம் என்று அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

நடுவர்களின் குறிப்பைக் கைபேசியில் பார்த்து ஒரு பெண் நிருபர் உரக்கப் படித்தாள். அடிபடும் பெண்ணின் வலியை இத்தனை கிட்டத்திலிருந்து யாரும் எழுதியதில்லையாம். இந்த வருஷம் வந்த நாவலில், விலா எலும்பு முறிந்து கிடக்கும் மனைவி, மூச்சு திரும்பியதும் புருஷன் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாளாம். அந்த ஒரு வரிக்கே பரிசு கொடுக்கலாமாம்.

கோபத்தில் அடிக்கிறார் என்றுதான் இத்தனை வருஷமும் அவள் நினைத்திருந்தாள்.

"ஐயா, அடுத்து என்ன எழுதப் போறீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

அவருடைய விரல்கள் அவள் தோளை மெல்ல அழுத்தின.

"இதைத் தாண்டி எழுதணுமே," என்று சிரித்தார். "இன்னிக்கே உட்கார்ந்துடுவேன்."

எல்லோரும் கைதட்டினார்கள்.

அவள் தோளிலிருந்து அவர் கையை எடுத்துவிட்டு உள்ளே போனாள். ஜன்னல்களை ஒவ்வொன்றாக அகலத் திறந்து கொக்கி மாட்டினாள்.

பிறகு பீரோவைத் திறந்து, பித்தளைக் குதிரையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.